ஷீல்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஆளைக் கேளுங்கள்

(வேலையிடச் சிக்கல்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கோவை வட்டாரத் தொழிற்சாலைகளில் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி ஆண்டு விழாவில் சிறந்த ஊழியர், சிறந்த டீம் லீடர் என்று ஷீல்டு கொடுப்பது வழக்கம். இந்த வருடம் எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர்) ஊழியர்களின் சம உரிமைக்காக அலுவலகத்துக்குள் பாடுபட்ட ஒருவருக்கும் கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஹெச்.ஆரில் இதற்கு நான்தான் பொறுப்பு. எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது மேடம்?
*பெயர் வேண்டாம், கோவை*

பதில்: ஜூன் மாதம், எல்ஜிபிடி பெருமித மாதம் என்று வாசலில் வானவில் தோரணம் கட்டியவரை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தோரணம் கட்டியது தப்பில்லை, ஆனால் அதற்கு விருது வேண்டாம். கம்பெனியில் எந்தக் காகிதம் மாறியது, யாரால் மாறியது என்று பாருங்கள். குரூப் மெடிக்ளெயிம் படிவத்தில் கணவன், மனைவி என்று கேட்கும் இடத்தில் இணையரின் பெயரையும் சேர்க்க வைத்தவர் யார்? ஒரு திருநம்பியின் பழைய பெயரே சம்பளச் சீட்டில் வந்துகொண்டிருந்தபோது, அக்கவுன்ட்ஸுக்கும் ஐ.டி. டீமுக்கும் நடையாய் நடந்து மாற்ற வைத்தவர் யார்? 2019-ஆம் ஆண்டுத் திருநர் சட்டம், புகார்களைக் கேட்க ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் அலுவலர் வேண்டும் என்கிறது. உங்கள் கம்பெனியில் அவர் யார் என்று ஊழியர்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் ஷீல்டுக்கு ஆர்டர் கொடுப்பதை நிறுத்திவைத்து, அதை முதலில் முடியுங்கள்.

நான் இருந்த ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். கான்ட்ராக்டர் மூலமாக பேக்கிங் செக்‌ஷனுக்கு ஒரு திருநங்கை வேலைக்கு வந்தார். கேட்டில் இரண்டு வரிசை. ஆண்களை செக்யூரிட்டி அண்ணன் சோதித்து அனுப்புவார், பெண்களைத் துணித் திரைக்குப் பின்னால் ஓர் அக்கா சோதிப்பார். இந்தப் பெண் எந்த வரிசையிலும் நிற்க முடியாமல் சைக்கிள் ஸ்டாண்ட் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் டிபன் பாக்ஸ் போட்ட மஞ்சள் பை. ஷிஃப்ட் சங்கு ஊதியாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனார்கள். டைம் ஆபீஸ் கிளார்க் மட்டும் எழுந்து வெளியே வந்து, "உனக்கு எந்த வரிசைம்மா சரிப்படும்?" என்று கேட்டார். அந்தப் பெண் கையைக் காட்டினார். கிளார்க் போய் செக்யூரிட்டி அக்காவிடம் இரண்டு நிமிடம் பேசினார். அப்புறம் ரெஜிஸ்டரில், அந்தப் பெண் சொன்ன பெயரை எழுதி, லேட் என்று குறிக்காமல் உள்ளே அனுப்பினார். அடுத்து இ.எஸ்.ஐ. கார்டில் பெயர் மாற்றுவதற்காகப் பல மாதம் கிளார்க் அலைந்தது தனிக் கதை. சம உரிமை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அந்த வருடம் அங்கே ஷீல்டு யாருக்குப் போனது தெரியுமா? ஒரு நாள்கூட லீவு போடாதவருக்கு!

இப்படி ஓர் ஆள் உங்கள் கட்டடத்திலும் இருப்பார், தேடுங்கள். மேனேஜர்களிடம் பெயர் கேட்காதீர்கள், அவர்கள் தங்கள் டீம் ஆளைத்தான் சொல்வார்கள். உதவி பெற்றவர்கள் பெயர் போடாமல் எழுதித் தர ஒரு வழி வையுங்கள். ஆள் கிடைத்ததும் தனியாகக் கூப்பிட்டு, "இதை மேடையில் சொல்லலாமா?" என்று கேளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தவரே தன்பாலீர்ப்பாளராக இருந்து, வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். பொன்னாடை போர்த்தி எடுத்த படம் சாயங்காலத்துக்குள் சித்தப்பாவின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். பாராட்டு வாசகத்தில் அவர் செய்த வேலையை மட்டும் எழுதுங்கள். அவர் யார் என்பதை எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

கேள்வி: அம்மா, நான் 35 வருடம் அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவன். வந்தோமா, ஃபைலைப் பார்த்தோமா, போனோமா என்று இருந்தோம். வீட்டில் யார் யாரோடு இருக்கிறார்கள் என்பதை ஆபீஸுக்குள் எதற்குக் கொண்டுவர வேண்டும்? அதற்கு விருது வேறா?
*ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், நாகர்கோவில்*

பதில்: நியாயமான கேள்வி ஐயா. ஆனால் அதை ஆபீஸுக்குள் முதலில் கொண்டுவந்தது யார் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கதையைச் சொல்கிறேன், உங்களைப் போல அரசாங்கச் சம்பளம் வாங்கியவரின் கதை.

ஃபிராங்க் கமெனி என்று ஒருவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போர்முனையில் இருந்தவர். திரும்பி வந்து படித்து, ஹார்வர்டில் வானியலில் டாக்டர் பட்டம் வாங்கி, 1957-இல் ராணுவத்தின் வரைபடத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களிலேயே, தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்துக்காக வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவி, அமெரிக்கா வானியல் தெரிந்தவர்களைத் தேட ஆரம்பித்திருந்த நேரம் அது! வேலையில் குறை என்று யாரும் சொல்லவில்லை. 1953-இல் அதிபர் ஐசன்ஹோவர் போட்ட ஓர் ஆணை, இப்படிப்பட்டவர்கள் அரசாங்க வேலைக்குத் தகுதியில்லாதவர்கள் என்று ஆக்கிவைத்திருந்தது. அந்தரங்கத்தை விசாரித்து ஃபைலில் ஏற்றியது ஆபீஸ்தான், அவர் இல்லை.

அப்படி வெளியே போனவர்களில் பெரும்பாலானவர்கள் வெளியில் தெரிந்தால் அவமானம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். கமெனி வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டுகள் கைவிட்டபோது, 1961-இல் உச்ச நீதிமன்றத்துக்கான மனுவைத் தானே எழுதினார். அங்கேயும் எடுத்துக்கொள்ளவில்லை. அதே வருடம் வாஷிங்டனில் மேட்டசீன் சொசைட்டி என்ற தன்பாலீர்ப்பாளர் உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். 1965-இல் வெள்ளை மாளிகை வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். ஆண்கள் கோட்டு, டை, பெண்கள் கவுன் என்று உடைக்குக்கூட அவர் விதி வைத்திருந்தார். வேலை கேட்பவன் வேலைக்குப் போகிறவனைப் போல இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மனுஷர் கொஞ்சம் கறார்தான், கூட இருந்தவர்களுக்கே அது எரிச்சலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வழக்கறிஞர் பட்டம் இல்லாமலேயே, வேலை போன மற்ற ஊழியர்களுக்காக விசாரணைகளில் போய் வாதாடினார். 1975-இல் அமெரிக்க சிவில் சர்வீஸ் ஆணையம் அந்தத் தடையைக் கைவிட்டது.

விருது பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். அந்த ஆணையத்தின் இடத்தில் பிறகு வந்தது பணியாளர் நிர்வாக அலுவலகம். அதன் தலைவராக 2009-இல் இருந்த ஜான் பெர்ரி, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். அவர் கமெனியை வரவழைத்து, அரசாங்கத்தின் சார்பில் எழுத்து மூலமாக மன்னிப்புக் கேட்டார். அந்த அலுவலகத்தின் மிக உயர்ந்த விருதான தியோடர் ரூஸ்வெல்ட் விருதையும் கொடுத்தார். கமெனிக்கு வயது 84. மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று அங்கேயே உரக்கச் சொன்னார்.

உங்களுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியும். செய்த உத்தரவு தப்பு என்று ஒரு ஆபீஸ் தன் கைப்பட எழுதிக் கொடுப்பது எவ்வளவு அபூர்வம்! அந்தக் கடிதம் இல்லாமல் மெடலை மட்டும் கொடுத்திருந்தால், அதை வாங்க அவர் போயிருக்கவே வேண்டாம்.

கேள்வி: நான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். வி.எல்.எஸ்.ஐ. என்ற சிப் வடிவமைப்புப் பாடத்தில் லின் கான்வே என்ற பெயர் வருகிறது. அவரையும் வேலையை விட்டு நீக்கினார்கள் என்று சீனியர் அக்கா சொன்னார். உண்மையா?
*கல்லூரி மாணவி, திருச்சி*

பதில்: உண்மைதான் கண்ணு. 1960-களில் ஐ.பி.எம்.மில் ஓர் அதிவேகக் கணினித் திட்டத்தில் இருந்தவர். ஒரே நேரத்தில் பல கட்டளைகளை, வரிசையில் காத்திருக்க வைக்காமல் பிராசஸருக்குள் அனுப்பும் முறையை அங்கே கண்டுபிடித்தார். பெண்ணாக மாறப் போவதைச் சொன்னதும் 1968-இல் கம்பெனி அவரை நீக்கிவிட்டது. புதுப் பெயரில், பழைய அனுபவம் எதையும் காட்ட முடியாமல், கான்ட்ராக்ட் புரோகிராமராக அடியிலிருந்து ஆரம்பித்தார். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ரெஸ்யூமேயில் இருப்பதிலேயே பெரிய சாதனையை எழுதினால், தான் யார் என்று தெரிந்துவிடும்! அப்படியிருந்தும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையம் வரை போய், பேராசிரியர் கார்வர் மீடுடன் சேர்ந்து சிப் வடிவமைப்பைப் பாடமாக்கினார். நீ படிப்பது அதன் வழி வந்ததைத்தான்.

ஐ.பி.எம்.மில் நடந்த வேலையை வரலாற்றாசிரியர்கள் துருவ ஆரம்பித்தபோது, தானே முன்வந்து எல்லாவற்றையும் சொன்னார். அப்புறம் சும்மா இருக்கவில்லை. மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐ.இ.இ.இ.யின் நெறிமுறையில் பாலின அடையாளத்தையும் சேர்க்கச் சொல்லி வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 2014-இல் சேர்த்தார்கள். 2020-இல் ஐ.பி.எம். மன்னிப்புக் கேட்டு, வாழ்நாள் சாதனை விருதும் கொடுத்தது. 2024-இல் காலமானார்.

ஒன்று கவனித்தாயா? கமெனிக்கு 1957-இலிருந்து 2009. கான்வேக்கு 1968-இலிருந்து 2020. இரண்டுமே 52 வருடம். தற்செயல்தான், ஆனாலும் இரண்டு பேரும் உயிரோடு இருந்து வாங்கினார்களே என்று இருக்கிறது.

கேள்வி: எங்கள் நிறுவனம் திருநங்கைகளை வேலைக்கு எடுத்தது, பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. இதைவிட வேறு என்ன அங்கீகாரம் வேண்டும்?
*மேலாளர், பாலக்காடு*

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது சார். 2017-இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. சில வாரங்களில் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். வேலையில் கஷ்டம் என்று இல்லை, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளம் லாட்ஜுக்கே போய்விடுகிறது. படத்தில் இருந்தவர்களில் இன்னும் எத்தனை பேர் உங்களிடம் வேலை பார்க்கிறார்கள், எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஹவுஸ் ஓனரிடம் போய்ப் பேசி அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடித்துத் தந்தவர் யாராவது இருந்தால், அடுத்த படம் அவருடையதாக இருக்கட்டும், அவர் சம்மதித்தால்.

கேள்வி: இந்த விஷயத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. டீமில் ஒருவர் வந்து தன்னைப் பற்றிச் சொன்னார், முழித்தேன். தெரியாதவன் ஆதரவாளன் ஆக முடியுமா?
*டீம் லீடர், சென்னை*

பதில்: ஹைகோர்ட் நீதிபதியே தெரியாது என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார், நமக்கென்ன! மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களின் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. பாதி புரிந்ததை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன் என்று, ஓர் உளவியல் நிபுணரிடம் கவுன்சலிங்குக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7-இல் வந்த உத்தரவில், இவர்களை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதற்குத் தடை விதித்தார், போலீஸ் தொல்லைக்கும் கடிவாளம் போட்டார். நீங்கள் அந்த ஊழியரிடம், "சொன்னதற்கு நன்றி, யாருக்கும் சொல்ல மாட்டேன், என்னால் ஆக வேண்டியது என்ன?" என்று கேளுங்கள். பதில் 'ஒன்றுமில்லை' என்றால் வேலையைப் பாருங்கள்.

கேள்வி: ஆபீஸில் ஒரு தோழிக்காக நிர்வாகத்திடம் பேசினேன். இப்போது இந்த விருதுக்கு என் பெயரைப் போட்டுவிட்டார்கள். மாமியார் வீட்டில் தெரிந்தால் ஆயிரம் கேள்வி வரும். வேண்டாம் என்று சொன்னால் தோழியைக் கைவிட்டதாக ஆகுமா?
*வாசகி, ஈரோடு*

பதில்: ஆகாதும்மா. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். 'என் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம்' என்று ஹெச்.ஆருக்கு ஒரு வரி மெயில் போடுங்கள். காரணம் எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த கேள்வி, 'யாருக்காகப் பேசினீர்கள்?' என்றுதான் வரும். மெயில் போடுவதற்கு முன்னால் தோழியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.