எல்லா மெஷினும் ஓடுது, டெலிவரி மட்டும் ஏன் லேட்டு?

கேள்வி: 25 பேர் வேலை பாக்குற சின்ன யூனிட் வச்சிருக்கேன். லேத்துல கடைஞ்சு, டிரில் போட்டு, கிரைண்டிங் பண்ணி (சாணைக்கல் வீல்ல தேய்ச்சு அளவுக்கு கொண்டு வந்து) பாகங்கள் சப்ளை பண்றோம். எல்லா மெஷினும் நாள் முழுக்க ஓடுது, ஆனாலும் டெலிவரி எப்பவும் ரெண்டு வாரம் லேட்டு. புது லேத்து ஒண்ணு வாங்குங்க, கூடவே சாஃப்ட்வேர் போடுங்கன்னு ஒரு ஆலோசகர் சொல்றார். வாங்கலாமா?

பதில்: வேணாம். இப்போதைக்கு ரெண்டுமே வேணாம். எல்லா மெஷினும் நாள் முழுக்க ஓடுதுன்னு பெருமையா எழுதியிருக்கீங்க பாருங்க, வியாதியே அதுதான்.

நாளைக்கு காலைல ஷிப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடந்து பாருங்க. எந்த மெஷின் முன்னாடி ட்ரே மேல ட்ரே அடுக்கி, மேல தூசி படிஞ்சு, நடக்கக்கூட வழி இல்லாம கிடக்குதோ அதுதான் உங்க கழுத்தை நெரிக்கிற இடம். நீங்க சொல்றதை வச்சு பாத்தா கிரைண்டிங்கா இருக்கும்னு நினைக்கிறேன், ஆனா என்னை நம்பாதீங்க, போய் பாருங்க. அது கிரைண்டிங்தான்னா, புது லேத்து வாங்கி என்ன ஆகப்போகுது? குவியல் இன்னும் உயரமாகும், அவ்ளோதான்.

சின்னதா ஒரு கணக்கு. உள்ள பாதி வேலை முடிஞ்சு 1200 பீஸ் கிடக்குது, ஒரு நாளைக்கு 100 பீஸ் வெளிய போகுதுன்னு வச்சுக்கோங்க. அப்போ இன்னைக்கு உள்ள போற பீஸ் வெளிய வர சராசரியா 12 நாள் ஆகும், நீங்க எவ்ளோ கத்தினாலும் 12 நாள்தான். ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961லயே இதை நிரூபிச்சு வச்சுட்டார். மெஷின் மேல அந்த பீஸ் இருக்கிறது மொத்தமா ஒரு மணி நேரம்கூட இருக்காது, மீதியெல்லாம் ட்ரேல தூங்குற நேரம்.

அதனால கிரைண்டிங் எவ்ளோ விழுங்குதோ அவ்ளோ மட்டும் லேத்துக்கு மெட்டீரியல் கொடுங்க. லேத்து ஆள் கொஞ்ச நேரம் சும்மா நிப்பார், உங்களுக்கு வயிறு எரியும், எரியட்டும். சும்மா நிக்க வைக்க மனசில்லன்னா கிரைண்டிங்குக்கு போற பீஸை முன்னாடியே கேஜ் (அளவு சரியான்னு பாக்குற கருவி) போட்டு செக் பண்ணச் சொல்லுங்க, ஏற்கனவே ரிஜெக்ட் ஆன பீஸை கிரைண்டிங்ல போட்டு நேரத்தை வீணடிக்கிற கூத்து பாதி யூனிட்ல நடக்குது.

அடுத்து செட்டிங், அதாவது ஒரு வேலை முடிஞ்சு அடுத்த வேலைக்கு மெஷினை தயார் பண்றது. ஒரு நாள் ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கிட்டு கிரைண்டிங் மெஷின் பக்கத்துல பேசாம நில்லுங்க. நான் நின்ன ஒரு இடத்துல செட்டர் மெஷினை நிறுத்திட்டு ஸ்பேனர் தேடி போனார், வந்தார், டிராயிங் தேடி போனார், அப்புறம் வீல் எடுக்க ஸ்டோருக்கு போனா ஸ்டோர் பூட்டு, சாவி வச்சிருக்கவர் டீ குடிக்க போயிட்டார். 70 நிமிஷ செட்டிங்ல மெஷின் மேல கை வச்சது 20 நிமிஷம்கூட இல்ல. 1969ல டொயோட்டாவுல 1000 டன் பிரஸ்ஸுக்கு டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சு) மாத்த 4 மணி நேரம் ஆனதை ஜப்பான் இன்ஜினியர் ஷிகியோ ஷிங்கோ முதல்ல ஒன்றரை மணி நேரமாக்கி அப்புறம் 3 நிமிஷமாக்கினார். அடிப்படை சூத்திரம் சிம்பிள்தான், மெஷின் ஓடும்போதே எடுத்து வைக்கக்கூடியதை எல்லாம் ஓடும்போதே எடுத்து வச்சிடணும். செட்டிங் பாதியானா லாட் சைஸையும் (ஒரு செட்டிங்ல ஒரே மூச்சா ஓட்டுற பீஸ் எண்ணிக்கை) பாதியாக்குங்க, இதை மறந்தா குவியல் குறையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதை நல்லா கவனிங்க, ஏன்னா இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. உங்ககிட்ட ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் (பீஸை சூடாக்கி அதோட உறுதியை மாத்துற உலை) இருந்தா லாட்டை குறைங்கன்னு நான் சொன்னது அதுக்கு அப்படியே பொருந்தாது. ஃபர்னஸ்ல 50 பீஸ் போட்டாலும் 200 பீஸ் போட்டாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான், சூடேத்துற செலவும் பெருசா குறையாது. அங்க ஃபுல் லோடு போடுறதுதான் சரி. ஆனா ஃபர்னஸ் நிறையணும்னு அவசரமில்லாத ஆர்டரை இன்னைக்கே கடைஞ்சு உள்ள தள்ளாதீங்க, இந்த வாரம் போக வேண்டிய ஆர்டர்ல ஒரே சூடு, ஒரே நேரம் தேவைப்படுற பீஸ்களை சேர்த்து நிரப்புங்க. நிறையலன்னா, அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிட்டா பாதி லோடோட ஓட்டுங்க. ஃபர்னஸ் வெளி ஆள்கிட்டன்னா அவர் தன் லோடு நிறையிற வரைக்கும் உங்க பீஸை மூலைல போட்டு வச்சிருப்பார், என்னைக்கு திரும்ப வரும்னு எழுதி வாங்கிக்கோங்க.

இப்போ அந்த ஆலோசகர். மெஷின் விக்கிறவர்கிட்டயோ சாஃப்ட்வேர் கம்பெனிகிட்டயோ கமிஷன் வாங்குறீங்களான்னு நேரா கேளுங்க, இல்லன்னு சொன்னா அதை எழுத்துல கொடுக்கச் சொல்லுங்க, பாதி பேர் அடுத்த நாள் போனையே எடுக்க மாட்டாங்க. கிரைண்டிங் முன்னாடி எத்தனை ட்ரே கிடக்குதுன்னு பேப்பர்ல எழுத முடியாத யூனிட், சாஃப்ட்வேர்ல தப்பு தப்பா என்ட்ரி போட்டு கலர் கலரா சார்ட் மட்டும்தான் பாக்கும். மூணு நாள்ல ஐஎஸ்ஓ (சர்வதேச தரநிலை) சர்டிபிகேட்னு ஒரு புரோக்கர் கூட்டம் வேற சுத்துது. ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சர்டிபிகேட் கொடுக்கிறதே இல்ல, அது தரநிலையை எழுதுறதோட சரி, சர்டிபிகேட் கொடுக்கிறது தனி நிறுவனங்கள்.

ஆடிட் பண்ண வர்ற கஸ்டமர் ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. ஃபைல் நிறமும் கையெழுத்தும் பாப்பாங்க, மெஷின் ஏன் சும்மா நிக்குதுன்னு கேப்பாங்க, தூசி படிஞ்ச குவியலை தாண்டி நடந்து போவாங்க, அது ஏன் கிடக்குதுன்னு ஒருத்தர்கூட கேக்க மாட்டார். மாசக் கடைசில மொத்த ஆர்டரையும் ஒரே நாள்ல கொட்டிட்டு லேட்டுன்னு கத்துறதும் அவங்கதான்.

கிரைண்டிங் முன்னாடி தரைல சாக்பீஸ்ல ஒரு கட்டம் போடுங்க, ஒரு நாள் வேலைக்கு எத்தனை ட்ரேயோ அத்தனைக்கு மட்டும் இடம். கட்டம் நிறைஞ்சா லேத்து நிக்கணும். டீ டைம், சாப்பாட்டு நேரத்துலயும் கிரைண்டிங் ஓடுற மாதிரி ஆள் மாத்தி விடுங்க. இப்படி ரெண்டு மாசம் ஓட்டியும் பத்தலன்னா அப்போ மெஷின் வாங்குங்க, ஆனா லேத்து இல்ல, கிரைண்டிங்.