வால்கைரியைக் காப்பாற்றிய பேப்பர் கிளிப்

கேள்வி: ஒலியைவிட மூன்று மடங்கு வேகத்தில் பறந்த குண்டுவீச்சு விமானத்தை அமெரிக்கா ஏன் கைவிட்டது?
– வாசகர், விருதுநகர்

பதில்: நீங்கள் கேட்பது எக்ஸ்பி-70 வால்கைரி பற்றி. எனக்கு உயிரான விமானம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

70,000 அடி உயரத்தில் பறந்தால் யாரும் சுட முடியாது என்பதுதான் கணக்கு. 1960 மே மாதம் சோவியத் ஏவுகணை ஒன்று, அதேபோல் உயரத்தில் பறக்கும் யூ-2 உளவு விமானத்தை வீழ்த்தியது. கணக்கு தப்பிப்போனது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளும் வந்துவிட்டன. 1961 மார்ச்சில் கென்னடி திட்டத்தை வெறும் ஆராய்ச்சியாகச் சுருக்கினார். கட்டியது இரண்டே விமானங்கள்.

ஆனால் என்ன விமானம்! ஆறு எஞ்சின்கள். தேன்கூடு போன்ற உள்ளமைப்புள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள். வேகம் கூடும்போது இறக்கை நுனிகள் கீழ்நோக்கி மடங்கும்.

1966 ஏப்ரல் 30 அன்று இரண்டாவது விமானத்தின் முன்சக்கரம் சிக்கிக்கொண்டது. தரையிலிருந்த பொறியாளர்கள் ரேடியோவில் வழி சொல்ல, துணை விமானி ஜோ காட்டன் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி மின்சுற்றை இணைத்தார். சக்கரம் இறங்கியது.

அப்படிக் காப்பாற்றிய விமானம் ஜூன் 8-இல் அழிந்தது. எஞ்சின் நிறுவனத்துக்காகப் புகைப்படம் எடுக்க நெருக்கமாகப் பறந்தபோது எஃப்-104 போர் விமானம் மோதியது. எஃப்-104-ஐ ஓட்டிய ஜோ வாக்கர், வால்கைரியில் அன்று துணை விமானியாக இருந்த கார்ல் கிராஸ் இருவரும் இறந்தார்கள். ஒரு படத்துக்காக இரண்டு உயிர்கள் போனதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

முதல் விமானம் ஓஹியோவில், டேட்டன் அருகே விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.