ஆயாவுக்கு 22,000 கொடுப்பதா, வேலையை விட்டுவிடுவதா?

கேள்வி: எங்களுக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை. மேடவாக்கத்தில் சொந்த ஃபிளாட், வீட்டுக்கடன் தவணை மாதம் 31,000 ரூபாய். கணவருக்குக் கையில் வரும் சம்பளம் 68,000, எனக்கு 42,000. கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கு வருடம் இரண்டு மாதமாக வேலை பார்க்கிறேன். அடிப்படைச் சம்பளம் 20,000. அலுவலகத்தில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். மகப்பேறு விடுப்பு இன்னும் ஐந்து வாரத்தில் முடிகிறது. மாமியார் திருநெல்வேலியில் மாமனாரைப் பார்த்துக்கொள்கிறார், இங்கே வந்து இருக்க முடியாது. எனக்கு அம்மா இல்லை.

ஏஜென்சியில் விசாரித்தால் வீட்டோடு தங்கும் ஆளுக்கு மாதம் 22,000, அதுபோக ஒரு மாதச் சம்பளம் கமிஷன் என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் 38 வயது அக்கா ஒருவர் காலை 8 முதல் இரவு 7 வரை பார்த்துக்கொள்ள 14,000 கேட்கிறார். ஜூனில் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்காக 30,000 அட்வான்ஸும் வேண்டுமாம். “உன் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும், பேசாமல் வேலையை விட்டுவிடு” என்கிறார் கணவர். வீட்டுச் செலவு 38,000, எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 10,000. எஃப்டியில் 1,20,000 இருக்கிறது. என்ன செய்யலாம் மேடம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: முதலில் உங்கள் கணவர் போட்ட கணக்கைத் திருத்திவிடலாம். குழந்தை இரண்டு பேருக்கும்தானே? அப்படியிருக்க, பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தை உங்கள் 42,000-இல் மட்டும் ஏன் கழிக்க வேண்டும்? வீட்டுக்கடன் தவணையை யாரும் “உன் சம்பளத்தில் கழி” என்று சொல்வதில்லை. வீட்டுக்கு வரும் மொத்த வருமானம் 1,10,000. அதில்தான் கழிக்க வேண்டும். எனக்கு வருகிற இந்த மாதிரிக் கடிதங்களில் பெரும்பாலானவை பெண்ணின் சம்பளத்திலிருந்துதான் கழித்தலைத் தொடங்குகின்றன. விடை முன்கூட்டியே முடிவாகிவிட்ட கணக்கு அது.

சரி, மொத்தத்தில் கழித்துப் பார்ப்போம். தவணை, வீட்டுச் செலவு, எஸ்ஐபி மூன்றும் சேர்ந்து 79,000. மிச்சம் 31,000. நீங்கள் வேலையை விட்டால் வருமானம் 68,000 ஆகிவிடும், மாதம் 11,000 துண்டு விழும். நீங்கள் ஆபீஸ் போய்வரும் செலவு மூவாயிரம் மிச்சமாகும் என்று வைத்துக்கொண்டாலும் 8,000 குறைகிறது. எஸ்ஐபியை நிறுத்தினால்தான் மாதத்தை ஓட்ட முடியும், அதுவும் யாருக்கும் உடம்புக்கு எதுவும் வராமல் இருந்தால். வேலையை விடுவது சிக்கனம் மாதிரித் தெரிகிறது, ஆனால் உங்கள் வீட்டில் அதுதான் மிகவும் செலவு பிடிக்கிற வழி.

சம்பளத்தில் தெரியாத இழப்பும் இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடைக்கு, ஒரே இடத்தில் தொடர்ந்து ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும். உங்களுக்குப் பத்து மாதம்தான் பாக்கி. மகப்பேறு விடுப்பில் இருந்த 26 வாரமும் சர்வீஸில்தான் சேரும். ஐந்து வருடம் முடித்தால் 20,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்க வேண்டும்: சுமார் 57,700 ரூபாய். இப்போது விலகினால் இந்தத் தொகை கைக்கு வராது. அப்புறம் பிஎஃப். நிறுவனம் உங்கள் பெயரில் போடும் 12 சதவீதம் மாதம் 2,400, வருடத்துக்கு 28,800. நீங்கள் பிஎஃப் ஓய்வூதியத் திட்டத்திலும் இருந்தால் அதில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், அந்த ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். வேலையை விட்டதும் பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், ஐந்து வருடம் முடியாமல் எடுக்கும் பிஎஃப்புக்கு வரி உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி வேலை தேடும்போது இதே 42,000 கிடைக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. ஆனால் குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ஆயா செலவு பெரிதாகக் குறைந்துவிடும். குழந்தையோடு வீட்டில் இருக்க வேண்டும் என்பது உங்கள் ஆசையாக இருந்தால் அது வேறு விஷயம், அதற்கு ஆலோசகர் தேவையில்லை. கடிதத்தில் அப்படி எங்கும் தெரியவில்லை.

இப்போது ஆள் வைப்பதன் உண்மையான செலவு. ஏஜென்சி சொன்ன 22,000 வெறும் 22,000 இல்லை. வீட்டோடு தங்குபவருக்குச் சாப்பாடு, சோப்பு, எண்ணெய் என்று மாதம் 4,000 வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். கமிஷன் 22,000. முதல் வருடத்துக்கு எல்லாம் சேர்ந்து 3,56,000 வருகிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 29,700. உங்கள் மிச்சமே 31,000தான். கமிஷனுக்கு ஜிஎஸ்டி தனி என்று பில்லில் சொன்னால் அந்த மிச்சமும் இன்னும் கரையும். உங்கள் ஃபிளாட்டில் அவர் எங்கே தூங்குவார் என்பதையும் யோசியுங்கள்.

ஏஜென்சிதான் வேண்டும் என்றால் ஒரு கேள்வியை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: இந்த 22,000-இல் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது? சில இடங்களில் பணத்தை ஏஜென்சியே வாங்கி, மாதாமாதம் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வருபவர், நேரடியாக இரண்டாயிரம் கூடுதலாகத் தரும் வீடு கிடைத்ததும் கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் வேறு ஆள் தருவார்கள், எத்தனை முறை தருவார்கள், கமிஷனில் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்துத் தெரு அக்காவின் கணக்கு: வருடத்துக்குச் சம்பளம் 1,68,000, தீபாவளி போனஸ் 14,000, பொங்கலுக்குப் புடவையும் கையில் கொஞ்சமும் சேர்த்து 2,000. அவர் வராத நாட்களில் டே கேரில் ஒருநாள் கட்டணம் கட்டவோ, தெரிந்தவரைக் கூப்பிடவோ 10,000. காப்பீட்டுக்கு 456 (அதைக் கீழே சொல்கிறேன்). ஆக 1,94,456, மாதத்துக்கு 16,200 ரூபாய். இதைக் கொடுத்த பிறகும் உங்கள் கையில் 14,800 மிஞ்சுகிறது. என் ஓட்டு இவருக்குத்தான்.

14,000-ஐ 13,000 ஆக்கலாமா என்று பேரம் பேச வேண்டாம். தினம் 11 மணி நேரம், மாதம் 26 நாள் என்று பார்த்தால் அவருக்கு மணிக்கு 49 ரூபாய்தான் வருகிறது. ஆறு மாதம் நன்றாகப் போனால் நீங்களே ஆயிரம் கூட்டிக்கொடுங்கள். ஐந்து மாதக் குழந்தை ஒரு முகத்துக்குப் பழகிய பிறகு ஆள் மாறுவதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் வருடம் 12,000 பெரிதில்லை. பாத்திரம், துணி, பெருக்குவது எல்லாவற்றையும் இதே சம்பளத்தில் அவர் தலையில் கட்டாதீர்கள். குழந்தையின் துணி, குழந்தையின் சாப்பாடு, அவ்வளவுதான் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் பல வீடுகளில் உறவு கெடுகிறது. சேர்ந்த முதல் வாரமே 30,000 கொடுக்காதீர்கள், முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரியும் சொல்லாதீர்கள். இரண்டு மாதம் வேலை பார்த்த பிறகு ஒரு மாதச் சம்பள அளவுக்கு, அதாவது 14,000 வரை, வட்டியில்லாமல் கொடுங்கள். மாதம் 2,000 பிடித்தால் ஏழு மாதத்தில் தீர்ந்துவிடும். ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இந்தப் பணம் திரும்பி வராமலே போனாலும் உங்கள் வீடு தாங்க வேண்டும், அந்த அளவுக்குத்தான் கொடுக்க வேண்டும். அட்வான்ஸுக்கு ஈடாக அவருடைய அசல் ஆதாரை வாங்கி வைப்பது, கடன் தீரும்வரை வேலையை விடக்கூடாது என்பது இதெல்லாம் கூடவே கூடாது. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் கட்டிவைப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது.

சம்பளத்தை மாதம் ஒரே தேதியில் அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வாரம் ஒருநாள் விடுமுறை, அதுபோக மாதம் ஒருநாள் சம்பளத்தோடு லீவு. உங்கள் ஊர்ப் பயணத்தால் அவருக்கு வேலை இல்லாத நாட்களுக்கும் முழுச் சம்பளம் உண்டு. உங்கள் ஆபீஸில் மின்சாரம் போய் வீட்டுக்கு அனுப்பினால் சம்பளத்தைப் பிடிப்பார்களா? அதே நியாயம்தான் இதிலும்.

விசாரிப்பதற்குப் பெரிய செலவில்லை. முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளின் எண்ணை வாங்கி நீங்களே பேசுங்கள். “ஏன் நின்றார்?” என்பதைவிட “மறுபடி கூப்பிடுவீர்களா?” என்று கேட்டால் உண்மையான பதில் வரும். தெருவில் இஸ்திரி போடுபவர், அங்கன்வாடி ஊழியர், மளிகைக் கடைக்காரர் ஆகியோருக்கு ஏஜென்சிக்குத் தெரியாததெல்லாம் தெரியும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருபவரைப் பற்றிய சரிபார்ப்புக்குச் சில நூறு ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அவரிடம் சொல்லி, சம்மதத்தோடு செய்யுங்கள். ஹாலில் கேமரா வைப்பதாக இருந்தாலும் அப்படித்தான்.

முன்னே சொன்ன 456 ரூபாய்: பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு வருடம் 436, சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20. இரண்டிலும் தலா 2 லட்சம். முதலாவதில் 18 முதல் 50 வயது வரை சேரலாம், இரண்டாவதில் 70 வரை. வங்கிக் கணக்கு இருந்தால் போதும். பணத்தை நீங்கள் கட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி நலவாரியம் 2007 முதல் இருக்கிறது. அதில் பதிந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க முடியும். ஜூன் மாத ஃபீஸுக்கு உங்கள் அட்வான்ஸை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. பதிவுக்கு ஒருநாள் லீவு கொடுத்து அனுப்புங்கள்.

வருமான வரியில் சலுகை கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். ஆயா சம்பளத்துக்குப் பழைய முறை, புதிய முறை இரண்டிலுமே கழிவு கிடையாது. நீங்கள் சொல்லும் சம்பளத்துக்குப் புதிய முறையில் இரண்டு பேருக்குமே வரி வராது என்பதால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் எழுதாத ஒன்றும் இருக்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தினார்கள். தாய் ஒருநாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரவும் அதில் இடமுண்டு. உங்கள் அலுவலகத்தில் இருநூறு பேர். எச்.ஆருக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “காப்பக வசதி எங்கே இருக்கிறது, எப்போதிலிருந்து பயன்படுத்தலாம்?” சொந்தமாக வைக்காத நிறுவனங்கள் பக்கத்து டே கேரோடு ஏற்பாடு செய்திருப்பதுண்டு. மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்குக் கைக்குழந்தையைத் தினமும் தூக்கிப்போவது இப்போது முடியாத காரியம்தான். ஆனால் அக்கா வராத நாளுக்கு அது உதவும், ஒன்றரை வயதுக்குப் பிறகு அதுவே முழு ஏற்பாடாகவும் ஆகலாம்.

விடுப்பு முடிகிற அன்றைக்கு ஆளைச் சேர்க்காதீர்கள். கடைசி இரண்டு வாரம், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, முழுச் சம்பளத்தில் வரச்சொல்லுங்கள். ஏழாயிரம் செலவாகும். சரிவராது என்று தெரிந்தால் அப்போதே தெரிந்துவிடும், வேறு ஆள் தேடக் கொஞ்சம் நேரமும் இருக்கும். அவர் வராத நாட்களில் யார் லீவு போடுவது என்பதையும் கணவரோடு இப்போதே பேசி முடியுங்கள். ஒருமுறை நீங்கள், ஒருமுறை அவர். எல்லா லீவையும் நீங்களே போட்டால் அடுத்த வருட இன்கிரிமென்ட்டில் அது தெரியும்.

எஃப்டியைத் தொட வேண்டாம். எஸ்ஐபி அப்படியே ஓடட்டும். மிஞ்சும் 14,800-இல் பத்தாயிரத்தை மாதாமாதம் தனி ஆர்டியில் போட்டுவந்தால் ஒன்பது மாதத்தில் எஃப்டியோடு சேர்த்து மூன்று மாதத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் உண்டான பணம் கையில் இருக்கும். கணவருக்கு டெர்ம் காப்பீடு (இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் மீதியில் முதல் செலவு அதுதான், உங்களுக்கும் சேர்த்து எடுங்கள்.