சக்கரத்தில் ஓடிய சுண்டெலி

கேள்வி: "நடந்தால் ஞாபகசக்தி கூடும், எலியை வைத்தே நிரூபித்துவிட்டார்கள்" என்று சொல்லி என் மகன் தினமும் விடியற்காலையில் என்னை எழுப்பிவிடுகிறான். எலிக்கு ஞாபகம் இருக்கிறதா என்று யார் கேட்டார்களாம்? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மகன் கதை விடவில்லை அம்மா. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள சால்க் ஆய்வு நிலையத்தில் ஹென்ரியட் வான் பிராக்கும் அவருடைய சகாக்களும் 1999-இல் செய்த வேலை அது. சுண்டெலிக் கூண்டுக்குள் ஒரு சக்கரத்தை வைத்தார்கள், அவ்வளவுதான். யாரும் விரட்டவில்லை. அவை பாட்டுக்கு நாளொன்றுக்கு 4, 5 கிலோமீட்டர் ஓடித் தீர்த்தன!

ஞாபகத்தைச் சோதிக்கத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ரிச்சர்ட் மாரிஸ் 1981-இல் எழுதிய முறை. வட்டமான தொட்டி, அடி தெரியாதபடி தண்ணீரைப் பால்போல் கலக்கிவிடுவார்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன மேடை ஒளிந்திருக்கும். சுண்டெலிக்கு நீந்தத் தெரியும், பிடிக்காது. முதல் நாள் சுற்றிச் சுற்றித் தவிக்கும். அப்புறம் அறையில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களை வைத்து மேடை இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய் ஏறும். சக்கரம் ஓடிய சுண்டெலிகள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டன. அவற்றின் மூளையில் ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸில் புதிய நரம்புசெல்களும் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தன. உடற்பயிற்சியால் பிடிஎன்எஃப் என்ற புரதம் அங்கே கூடுவது ஒரு காரணம் என்கிறார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2005-இல் அதே குழு 19 மாதக் கிழட்டுச் சுண்டெலிகளை ஓடவிட்டுப் பார்த்தது. அவையும் தேறின.

கேள்வி: கூண்டில் அடைத்தால் வேறு வழியில்லாமல் ஓடத்தானே செய்யும்? – அதே வாசகி, அதே கடிதத்தில்

பதில்: வக்கீல் வீட்டுக் கடிதமோ! இதே சந்தேகம் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்களுக்கும் வந்தது. வெட்டவெளியில் சக்கரத்தை வைத்து, பக்கத்தில் கேமராவையும் வைத்துவிட்டார்கள். காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. தவளையும் ஓடு இல்லாத நத்தையும்கூட ஏறிப் பார்த்திருக்கின்றன. இது 2014-இல் வெளியானது.

மகனிடம் மடக்கிக் கேட்க உங்களுக்கு ஒரு குறிப்பும் தருகிறேன். அதே 2014-இல் டொராண்டோ ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். ஒரு பாடத்தைக் கற்ற பிறகு பல வாரம் சக்கரம் ஓடிய சுண்டெலிகள், அந்தப் பழைய பாடத்தை மற்றவற்றைவிட அதிகமாக மறந்துபோயின. புது செல்கள் குடியேறும்போது பழைய இணைப்புகள் கலைவதுதான் காரணமாம். ஆனால் மகனும் சும்மா இருக்க மாட்டார். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடத்தி 2011-இல் வெளிவந்த ஆய்வை எடுத்து நீட்டுவார். ஓராண்டு நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. வாரத்துக்கு 3 நாள்தான் நடந்தார்கள், தினமும் அல்ல. அந்தச் சலுகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.