'காந்தக் குரல்' என்று எழுதியதில் என்ன தவறு?

வணக்கம். பண்பலை அறிவிப்பாளர் ஒருவரைப் பற்றி நீங்கள் விக்கிப்பீடியாவில் எழுதிய கட்டுரைக்கு 'நடுநிலையாக இல்லை' என்ற அறிவிப்பு விழுந்துவிட்டது, 'காந்தக் குரல்' என்று எழுதியதில் என்ன தவறு என்கிறீர்கள். அவர் குரல் காந்தமாகவே இருக்கட்டும். அதைச் சொல்வது கலைக்களஞ்சியத்தின் வேலை இல்லை.

இந்தி வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானியை எடுத்துக்கொள்ளுங்கள். 'இந்தியாவைக் கட்டிப்போட்ட வானொலிச் சக்கரவர்த்தி' என்றால் படிப்பவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. 'இலங்கை வானொலியில் 1952இல் தொடங்கிய பினாகா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். நேயர்களை அழைக்கும்போது சகோதரிகளை முதலிலும் சகோதரர்களைப் பிறகும் அழைத்தார். 2009இல் பத்மஸ்ரீ பெற்றார்' என்று எழுதிப் பாருங்கள். பெருமை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பாராட்டு இருந்தே தீர வேண்டுமென்றால், யார், எந்த இதழில் சொன்னார் என்று அவர் பெயரிலேயே போடுங்கள்.

வானொலி நிலையத்தின் இணையதளம் உங்கள் அறிவிப்பாளர் பணியில் சேர்ந்த ஆண்டுக்குச் சான்றாகப் போதும். 'நகரின் முதலிடம்' என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டாதீர்கள்; எந்தக் கடைக்காரர் தன் மோரைப் புளிக்கிறது என்பார்?

யாரோ சேர்த்த 'நேரலையில் தகராறு' பத்திக்குச் சான்று இல்லையென்றால் உடனே நீக்கிவிடலாம். வாழும் மனிதர் விஷயத்தில் விதி கடுமையானது. நல்ல சான்று இருந்தால் ஒரு வரியில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வரிக் கட்டுரையில் ஆறு வரி சண்டை வேண்டாம்.

நீங்கள் அவரோடு அதே நிலையத்தில் வேலை பார்த்தவர் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அதைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், அதாவது தொகுப்பவர்கள் கலந்து பேசும் பக்கத்தில், வெளிப்படையாக எழுதுங்கள். அறிவிப்பை நீங்களே எடுக்காமல், திருத்திய பத்தியை அங்கே வைத்து வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.