டிக்கெட் வாங்கியாயிற்று, ரைடுக்குத் தனிக் காசா?

டிஸ்னி, யுனிவர்சல் போன்ற பொழுதுபோக்குப் பூங்காக்களைப் பார்க்க ஆர்லாண்டோவுக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்: நுழைவுச்சீட்டு வாங்கிய பிறகும் சில ரைடுகளுக்கு ஏன் தனியாகப் பணம் கேட்கிறார்கள்? புளோரிடாவில் குடியிருப்பதால் இந்தக் கணக்கு எனக்கு ஓரளவு பழகிவிட்டது. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

அக்கா, டிஸ்னி வேர்ல்டு டிக்கெட்டுக்கே கையிருப்பு கரைந்துவிட்டது. இப்போது டிரான் ரைடுக்கு ஆளுக்கு 20 டாலர் என்று ஆப் காட்டுகிறது. கட்டாவிட்டால் ஏற விடமாட்டார்களா? (டல்லஸ், இரண்டு பிள்ளைகளின் அப்பா)

தாராளமாக ஏறலாம், தம்பி. உங்கள் நுழைவுச்சீட்டில் அந்த ரைடும் அடக்கம். அந்த 20 டாலர் ரைடுக்கான விலை அல்ல, வரிசையில் நிற்காமல் இருப்பதற்கான விலை. ‘லைட்னிங் லேன்’ என்ற தனி வழியில் இரண்டு வகை உண்டு. மல்டி பாஸ் வாங்கினால் ஒரே தொகையில் அன்றைக்குப் பல ரைடுகள். சிங்கிள் பாஸ் என்பது ஒருவருக்கு ஒரு ரைடு, ஒரே ஒரு முறை. கூட்டம் அலைமோதும் ரைடுகளைத்தான் இந்த இரண்டாவது வகையில் வைத்திருக்கிறார்கள்: டிரான், காஸ்மிக் ரீவைண்ட், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், அவதார் ஃபிளைட் ஆஃப் பாசேஜ் போன்றவை. விலை ரைடுக்கு ரைடு, நாளுக்கு நாள் மாறும். ஒருவர் ஒரு நாளில் இரண்டு சிங்கிள் பாஸ் வரைதான் வாங்கலாம்.

வீட்டில் நான்கு பேர் என்றால் சில நிமிட ஓட்டத்துக்கு 80 டாலர். பிள்ளைகள் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும் ரைடு ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் கட்டுங்கள். மற்றவற்றுக்குக் காசில்லாத வழிகள் இரண்டு உண்டு. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களைத் தினமும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள். அந்த அரை மணியை வீணாக்காதீர்கள். அடுத்தது, பூங்கா மூடுவதற்குச் சற்று முன்னால் வரிசையில் சேர்ந்துவிடுவது. மூடும் நேரத்துக்குள் வரிசையில் நுழைந்தவர்களைப் பொதுவாக ஏற்றிவிட்டுத்தான் நிறுத்துவார்கள்.

அம்மா, மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எங்கள் மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியிலும் உள்ளே போக ஒரு சீட்டு, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஒரு சீட்டுதான். இதில் என்ன புதுமை என்று இங்கே எல்லோரும் புலம்புகிறார்கள்? (நியூ ஜெர்சி, மதுரைக்காரத் தாத்தா)

ஐயா, டிஸ்னியும் உங்கள் பொருட்காட்சி வழியில்தான் தொடங்கியது. 1955 ஜூலையில் கலிபோர்னியாவின் அனகைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். ரைடுகளுக்குத் தனித்தனியாகச் சில்லறை. அதே ஆண்டு அக்டோபரில் கூப்பன் புத்தகம் வந்தது. முதலில் ஏ, பி, சி என்று மூன்று வகை. 1956இல் டி, 1959இல் இ. குதிரை ராட்டினம் போன்ற சாதுவானவை ஏ வகை. மேட்டர்ஹார்ன் என்ற ரோலர் கோஸ்டர், பின்னாளில் வந்த கடற்கொள்ளையர் ரைடு, பேய் மாளிகை எல்லாம் இ வகை. புத்தகத்தில் இ கூப்பன்கள் முதலில் தீர்ந்துபோகும். ஏ கூப்பன்கள் வீட்டு மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அமெரிக்கப் பேச்சில் ‘இ டிக்கெட்’ என்றாலே உச்சமான அனுபவம் என்றாகிவிட்டது. 1983இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு, தன் பயணத்தை இ டிக்கெட் என்றுதான் வருணித்தார்.

இதற்கிடையே 1961இல் டெக்சஸில் திறந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற பூங்கா, வாசலில் ஒரே கட்டணம், உள்ளே எல்லாம் இலவசம் என்று நடத்திக் காட்டியது. டிஸ்னி 1982இல்தான் கூப்பன்களைக் கைவிட்டு அந்த முறைக்கு வந்தது. அதன்பின் ஏறக்குறைய 40 ஆண்டுகள் ‘ஒரு சீட்டு, எல்லா ரைடும்’ என்று பழகிய மக்கள் இவர்கள். புலம்பல் அந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது. உங்கள் ஊரில் நுழைவுச்சீட்டு மலிவு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இங்கே விடுமுறை உச்சத்தில் ஒரு நாள் நுழைவு ஏறக்குறைய 200 டாலர்.

பொருளியல் படிக்கிறேன். பூங்காவுக்கு, கட்டணத்தை வாசலில் வாங்குவது லாபமா, ரைடுக்கு ரைடு வாங்குவது லாபமா? (அட்லாண்டா, மாணவி)

நல்ல கேள்வி. வால்டர் ஓய் என்ற பொருளியலாளர் 1971இல் டிஸ்னிலேண்டையே எடுத்துக்காட்டாக வைத்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள். சாரம் இது: ரைடு எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொருவர் ஏறினால் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே உள்ளே விலையைக் குறைத்து, மக்கள் ஆசைதீர ஏறட்டும் என்று விட்டு, அந்த ஆசைக்கான தொகையை வாசலிலேயே வாங்கிவிடுவது முதலாளிக்கு நல்லது. ஆனால் எல்லோருடைய ஆசையும் ஒரே அளவில் இருந்தால்தான் இது சுத்தமாகப் பொருந்தும்.

இதனுடன் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பேன். கூட்டம் நிரம்பி வழியும்போது எனக்குக் கிடைக்கும் இருக்கை உங்களுக்குக் கிடைக்காத இருக்கை. அப்போது இன்னொருவர் ஏறுவதற்குச் செலவில்லை என்று சொல்ல முடியாது, அந்தச் செலவு காத்திருப்பவர் தலையில் விழுகிறது. இரண்டாவது, கூப்பன் காலத்தில் அச்சடிக்க, விற்க, வாசலில் கிழித்து வாங்க என்று ஆள் வேண்டும். இப்போது வசூல் வேலையை உங்கள் கைப்பேசியே செய்துவிடுகிறது. தனிக் கட்டணம் திரும்பி வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

முன்பு டிஸ்னியில் வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட்பாஸ் சீட்டு இலவசமாக இருந்ததே? (சிகாகோ)

இருந்தது. 1999இல் காகிதச் சீட்டாக வந்தது, காசு கிடையாது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தினார்கள். 2021 அக்டோபரில் கட்டண வடிவத்தில் திரும்பியது; 2024 ஜூலையில் இன்றைய மல்டி, சிங்கிள் பெயர்கள். எனக்கு இதில் உறுத்துவது விலையைவிட இன்னொன்று. இரண்டு வரிசைகளும் சேருமிடத்தில் பணியாளர் காசு கட்டிய பக்கத்திலிருந்துதான் அதிகம் பேரை விடுகிறார். அதாவது ஒருவர் வாங்கும் நேரம் இன்னொருவரிடமிருந்து எடுக்கப்படுகிறது. அதற்காக நீங்கள் கட்டக் கூடாது என்று சொல்ல மாட்டேன். கட்டாதவர்களைப் பார்த்து ‘திட்டமிடத் தெரியாதவர்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சின்னவனுக்கு நான்கு வயது, உயரம் போதாது. நானும் கணவரும் மாறி மாறி ஏறினால் இரண்டு தடவை வரிசையா? (ஷார்லட்)

வேண்டாம். ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று வாசலிலேயே கேளுங்கள், இலவசம். ஒருவர் போய்வரும் வரை மற்றவர் குழந்தையுடன் இருக்கலாம். பிறகு அவர் லைட்னிங் லேன் வழியே போவார். காசு கட்டும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள்: டிரானுக்கு 122 செ.மீ., ஃபிளைட் ஆஃப் பாசேஜுக்கு 112, காஸ்மிக் ரீவைண்டுக்கு 107, ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸுக்கு 102. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நுழைவுச்சீட்டே தேவையில்லை.

சிக்ஸ் ஃபிளாக்ஸில் ஸ்கைகோஸ்டருக்கு மட்டும் தனிக் கட்டணம். அதற்குக் காசில்லாத வரிசையே இல்லை. இது அநியாயம்தானே? (ஹூஸ்டன்)

இதில் நான் பூங்காவின் பக்கம். டிஸ்னி விற்பது நேரத்தை. இங்கே விற்பது ரைடையே. ஸ்கைகோஸ்டரில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று பேர். கச்சை மாட்டி, கம்பியில் மேலே இழுத்து, ஊசலாட விட்டு, மறுபடி இறக்க வேண்டும். பெரிய ரோலர் கோஸ்டர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றிவிடும். இது அதன் அருகிலேயே வராது. இலவசமாக விட்டால் காலையில் சேர்ந்தவர் மாலையில்தான் ஏறுவார். சின்னப் பந்தயக் கார் ஓட்டும் கோ-கார்ட்டும் இதே கதை. மூவராகச் சேர்ந்து போனால் பல இடங்களில் ஆளுக்கு விலை குறையும், கேட்டுப் பாருங்கள்.

யுனிவர்சலிலும் இப்படியா? (டாம்பா)

அங்கே வரிசையைத் தாண்டும் சீட்டுக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் என்று பெயர், அது பூங்கா முழுமைக்கும் சேர்த்து. ஹார்டு ராக், போர்டோஃபினோ பே, ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கினால் பழைய இரு பூங்காக்களுக்கும் அது அறை வாடகையோடு வந்துவிடும். பெரிய குடும்பத்துக்கு ஓர் இரவு அங்கே தங்குவது தனித்தனியாகப் பாஸ் வாங்குவதைவிட மலிவாகிவிடுவதுண்டு. 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பூங்காவுக்கு இது செல்லாது.

காசு கட்டிய ரைடு நடுவில் பழுதாகி நின்றால்? (ராலே)

பாஸில் உங்களுக்குக் குறித்த நேரத்தில் நின்றிருந்தால் பாஸ் வீணாகாது. ஓடத் தொடங்கியதும் பின்னர் போகலாம். அன்று ஓடவே இல்லை என்றால் பூங்காவில் உதவிக்கென்று நீலக் குடையின் கீழ் நிற்கும் பணியாளரிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்காமல் வீட்டுக்குப் போய் வருந்துகிறவர்கள்தான் அதிகம்.

சிங்கிள் பாஸ் எப்போது வாங்க வேண்டும்? (பீனிக்ஸ்)

டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு, தங்கத் தொடங்கும் நாளுக்கு ஏழு நாள் முன்பிருந்து. மற்றவர்களுக்கு, பூங்காவுக்குப் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து. இரண்டுமே ஆர்லாண்டோ நேரப்படி காலை ஏழு மணிக்குத் திறக்கும். கோடையில் உங்கள் ஊரில் அப்போது விடிகாலை நான்கு மணி. முந்தைய இரவே ஆப்பில் குடும்பத்தினர் எல்லோருடைய டிக்கெட்டையும், கட்டண அட்டையையும் சேர்த்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.