இரவு 10 மணிக்கு மேலும் ஆபீஸ் மெசேஜ் வருகிறது. அப்ரைசலில் அடிபடாமல் மறுப்பது எப்படி?

சென்னையில் ஒரு புரொடக்‌ஷன் சப்போர்ட் அணியில் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் வரும் கோளாறுகளைச் சரிசெய்யும் அணி) பல வருடங்களாக இருக்கிறேன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இரவு 10 மணிக்கு மறுக்காதீர்கள். அந்த நேரத்தில் எவ்வளவு நியாயமாகச் சொன்னாலும் ‘ஒத்துழைக்காதவர்’ என்ற பெயர்தான் மிஞ்சும். நெருக்கடி இல்லாத ஒரு பகலில் மேனேஜரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எதற்கெல்லாம் இரவில் எழுப்பலாம், எது காலை வரை பொறுக்கும்? இந்த ஒரு கேள்விக்கு விடை வாங்கினால் போதும். பேமெண்ட் நின்றுபோனால் அது பி1, அதாவது உச்சகட்ட அவசரம். யாராவது எழுந்துதான் ஆக வேண்டும். இந்த வாரம் அது யார் என்பதை ஆன்கால் அட்டவணை சொல்லட்டும். ரிப்போர்ட்டில் ஒரு தேதி தப்பாக இருப்பதற்கு யாரும் தூக்கத்தை விட வேண்டியதில்லை. பேசி முடித்த அன்றே அதை மெயிலாக அனுப்பிவிடுங்கள். நாளை மேனேஜர் மாறினாலும் காட்டுவதற்கு ஒன்று இருக்கும்.

அமெரிக்க கிளையண்ட் என்றால் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் மாலை 7:30 மணி கான்ஃபரன்ஸ் கால் நமக்கு 8:30 ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குளிர்காலத்தில் காலையில் தாமதமாக வரலாமா என்று அக்டோபரிலேயே கேளுங்கள்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விட முக்கியம் டைம்ஷீட். 12 மணி நேரம் உழைத்துவிட்டு 8 என்று போடுகிறோம். பல இடங்களில் லீடே அப்படிப் போடச் சொல்வார். ஆனால் அடுத்த ப்ராஜெக்டுக்கு ஆள் ஒதுக்குபவர் பார்ப்பது அந்த எட்டைத்தான். ஆறு பேர் வேலையை நான்கு பேர் ஆபீஸ் நேரத்திலேயே முடித்ததாக அவர் நம்புவார். அடுத்த முறையும் நான்கு பேரைத்தான் தருவார். அதனால் உள்ளதை உள்ளபடி போடுங்கள். சிஸ்டம் எட்டுக்கு மேல் ஏற்காவிட்டால், வாராந்திர ஸ்டேட்டஸ் மெயிலில் கூடுதல் நேரத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அப்ரைசலில் உங்களுக்காகப் பேசப்போவதும் அந்த வரிதான்.

சட்டம் காப்பாற்றுமா என்றால், இப்போதைக்கு அதை நம்பி இருக்க முடியாது. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்ஸில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் நடைமுறைக்கு வந்தது. இங்கே அதே உரிமைக்காக எம்.பி. சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

‘பத்து நாள் லீவு போடு, யோகா செய்’ என்று நிறைய பேர் சொல்வார்கள். ஓய்வு தேவைதான். ஆனால் உலக சுகாதார அமைப்பு 2019-ல் பர்ன்அவுட்டை (வேலையால் முழுதாக ஓய்ந்துபோவதை) விளக்கியபோது, சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. தீராத அசதி, வேலைமேல் வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும்தான் அதன் அடையாளங்கள். ஊருக்குப் போய்விட்டு அதே அட்டவணைக்குத் திரும்பினால் ஒரே வாரத்தில் மூன்றும் திரும்பி வரும்.

ஏற்கெனவே தூக்கம் கெட்டு, ஞாயிறு மாலையே நெஞ்சு படபடக்கத் தொடங்கியிருந்தால், மேனேஜரிடம் பேசி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.